அளவுக்கு ஓர் ஆள்

வகுப்பில் இருபத்திரண்டு பேர். அதில் இருபத்தொரு பேருக்குச் சொல்லி வைத்தாற்போல ஒரு வயது குறைந்திருந்தது.

ஆவுடை வயதுகளைக் குறித்து வைத்திருந்த அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பி.எஸ்ஸி. மருத்துவப் படிமவியல் மூன்றாம் ஆண்டில் ஆளுக்கு இருபது படமாவது எடுத்துப் பதிவேட்டில் ஒட்டியாக வேண்டும். எக்ஸ்ரே என்றால் கதிர்வீச்சுக்குப் பயந்து ஒருவர் மேல் ஒருவர் பழக விடமாட்டார்கள். வயதைக் கண்டுபிடிக்கிற வரி மிஷினில் அந்தப் பயம் இல்லை, அது ஒலியை வைத்தே படம் எடுப்பது. அதனால் பிள்ளைகள் ஒருவரையொருவர் படுக்கப் போட்டு, காதுக்குப் பின்னால் பசையைத் தடவி, கூச்சத்தில் சிரித்துக்கொண்டே எடுத்துப் பழகினார்கள்.

காதுக்குப் பின்னால் மண்டைக்குள் கெட்டியான எலும்பு ஒன்று இருக்கிறது. அதில் பிறந்த நாளிலிருந்து வரி வரியாகப் படிகிறதென்றும், படிந்த வரி ஆயுளுக்கும் அழிவதில்லை என்றும் யாரோ கண்டுபிடித்தார்கள். அதை உயிரோடிருக்கும் ஆளிடமே எண்ணிப் பார்க்க ஒரு மிஷினையும் செய்தார்கள். அது பாளையங்கோட்டைக்குத் தெற்கே இருந்த இந்த மருத்துவமனைக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. ஐந்து நிமிடம் படுத்தால் போதும், வயது தெரிந்துவிடும். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களும் தொலைத்தவர்களும் கோர்ட்டிலிருந்து அனுப்பப்பட்டவர்களுமாக வாசலில் தினமும் பத்துப் பேராவது நிற்பார்கள்.

ஊரில் ஆவுடையின் சித்தப்பா, "டாக்டருக்கா படிக்க?" என்று கேட்பார். "இல்ல சித்தப்பா, படம் எடுக்கப் படிக்கேன்," என்றால், "கல்யாண வீட்டுக்கா?" என்பார். அவளுக்குக் கோபம் வராது. ஓர் ஆளை அறுக்காமல் கிழிக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற படிப்பு அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அடுத்த வீட்டு ஜன்னலை எட்டிப் பார்க்கிற புத்திக்குப் பட்டமும் தருகிறார்கள் என்றால் கசக்குமா?

"ஏ பிள்ள, சவத்த விடு," என்றாள் ரஹ்மத்நிஷா. அவள்தான் ஆவுடையின் விடுதி அறைத் தோழி. "சீனியர் அக்கா சொன்னாள்லா? மிஷின் என்ன சொன்னாலும் பதிவேட்டுல சர்டிபிகேட் வயசை எழுதிரு. ஒன்றரை வருசம் முன்னப் பின்ன இருக்கும்னு மேனுவல்லயே போட்டிருக்கு."

"முன்னப் பின்னன்னா, முன்னயும் இருக்கணும், பின்னயும் இருக்கணும்லா? ஒருத்தருக்காவது கூடியிருக்கா பாரு. குறி தவறி எறிஞ்ச கல்லு நாலு பக்கமும் விழும். இது எல்லாம் ஒரே பக்கமா விழுந்து கெடக்கு."

"உனக்கு மட்டும் சரியா இருபது காட்டியிருக்கே. உன் காதை மட்டும் பொன்னுல செஞ்சானா?"

அதுதான் ஆவுடையையும் உறுத்தியது. சான்றிதழில் இருபது இருந்தவர்களுக்கெல்லாம் மிஷின் பத்தொன்பது என்றது. அவளுக்கு மட்டும் இருபதுக்கு இருபது.

துறைத் தலைவர் பேராசிரியர் கிரேஸ் பொன்மலர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். கறாரான அம்மா. ஒரு படம் அசைந்திருந்தால் இரக்கமில்லாமல் மறுபடி எடுக்கச் சொல்வார். ஆனால் கேள்வி கேட்கிற பிள்ளைகளை விரட்டமாட்டார்.

"நல்லாத்தான் பாத்திருக்க. ஆனா மிஷின் எல்லாருக்கும் குறைச்சு எண்ணுதுன்னா உனக்கும் பத்தொன்பதுதானே வந்திருக்கணும்?"

"ஆமா மேம்."

"அப்போ உன் கணக்கை உன் காதே ஒத்துக்கல. காரணம் கெடைச்சா வா," என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வியாழக்கிழமைதான் இசக்கி வந்தாள்.

கூட வந்த பெண் போலீஸ் கோர்ட்டுக் காகிதத்தை நீட்டினார். செங்கல் சூளையில் பிறந்த பெண், அதனால் பிறப்பைப் பதியவே இல்லை. அம்மா இறந்தபிறகு தாய்மாமனோடு சூளையிலேயே இருந்திருக்கிறாள். அவர் தன் மகனுக்குக் கட்டிவைக்க நாள் குறித்ததும் ஓடிவந்து, டவுனில் ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்து, பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறாள். மாமன் அவள் மைனர் என்று வழக்குப் போட்டுவிட்டார். பதினெட்டு முடிந்திருந்தால் அவள் இஷ்டம். முடியவில்லை என்றால் மாமனோடு அனுப்பிவிடுவார்கள். விசாரணை மறுநாள் பகல் பதினொரு மணிக்கு.

"தலையை இந்தப் பக்கம் திருப்பி வச்சுக்கோ. வலிக்காது, குளுகுளுன்னு இருக்கும்," என்றாள் ஆவுடை.

"எனக்கு வயசு தெரியும் அக்கா," என்றாள் இசக்கி படுத்துக்கொண்டே. "பெரிய வெள்ளம் வந்து சூளையெல்லாம் கரைஞ்சு போச்சுல்லா, அந்த ஐப்பசியிலதான் பொறந்தேன். வெள்ளத்துக்கப்புறம் பதினெட்டு ஐப்பசி போயிட்டு. இப்ப சித்திரை. வருசா வருசம் எங்க அம்மை சூளைச் சுவத்துல கரிக்கோடு போட்டு வச்சிருந்தா."

அவள் அம்மா போட்ட வரியும் எலும்பு போட்ட வரியும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும் என்று ஆவுடை நினைத்தாள். திரையில் எண் வந்தது. பதினேழு வருடம், ஏழு மாதம்.

பெண் போலீஸ் எட்டிப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டார். ஒன்றரை வருடம் முன்பின் இருக்கலாம் என்று அடியில் பொடி எழுத்தில் எப்போதும் வரும். அதை யாரும் படிப்பதில்லை.

இசக்கி எழுந்து உட்கார்ந்தாள். காதில் பசை வழிந்ததைக்கூடத் துடைக்கவில்லை. "அக்கா, இன்னொருக்க எண்ணிப் பாருங்க. கொஞ்சம் நல்லா எண்ணிப் பாருங்க."

ஆவுடை இன்னொரு முறை எடுத்தாள். அதே எண். அந்தப் பெண் தன் காதைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டு வெளியே போனாள். ஒரு விஷயம் அப்போதுதான் ஆவுடைக்கு உறைத்தது. சான்றிதழ் வைத்திருப்பவர்கள் இந்த மிஷினில் வந்து படுப்பதில்லை. சான்றிதழ் இல்லாதவர்களால் மிஷினை எதிர்த்துப் பேச முடிவதில்லை. இது தப்பாகவே எண்ணிக்கொண்டிருந்தாலும் கண்டுபிடிக்க யார் இருக்கிறார்கள்?

மாடிப்படியில் நின்று வீட்டுக்குப் போன் போட்டாள்.

"எம்மா, நான் எந்த வருசம் பொறந்தேன்?"

"ஏன் திடீர்னு? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க யாரும் கேட்டாவளா?"

"விளையாடாதம்மா. சர்டிபிகேட்ல இருக்கது சரிதானா?"

அம்மா கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீ பொறந்தப்போ பதிய மறந்துட்டாவ உங்க அப்பா. மறுவருசம் போனா, அந்தப் பத்திரத்தைக் கொண்டா, இந்தக் கையெழுத்தைக் கொண்டான்னு அலைக்கழிச்சானுவ. பேசாம இந்த வருசமே பொறந்ததாப் போட்டுட்டோம்."

"ஒரு வயசுப் பிள்ளையை நேத்துப் பொறந்ததுன்னா?"

"பிள்ளையை எவன் பாத்தான், தாளைத்தானே பாக்கான். ஒரு வருசந்தானே ட்டி, யாருக்கு என்ன நட்டம்?"

ஆவுடை சிரித்தாள், அதோடு கண்ணும் கலங்கியது. அவளுக்கு இருபத்தொன்று. மிஷின் அவளுக்கும் ஒன்றைக் குறைத்துத்தான் இருபது என்றிருக்கிறது. அவள் காதில் பொன்னும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இருபதுக்கு ஒன்று வீதம் எல்லாருக்கும் ஒரே மாதிரி குறைகிறது. அப்படிக் குறைய ஒரே ஒரு வழிதான் இருந்தது.

எலும்பு வரி ஊருக்கு ஊர் மாறும். சில சீமையில் வருடத்துக்கு ஒரு வரி, சில இடத்தில் இரண்டு, இரண்டு மழைக்காலம் உள்ள ஊரில் நடுவே மங்கலாக இன்னொன்றும் விழலாம். வெயிலும் மழையும் சாப்பாடும் சேர்ந்து போடுகிற கணக்கு அது. ஆகவே மிஷின் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த, ஐம்பது தாண்டிய, வயது நிச்சயமாகத் தெரிந்த ஓர் ஆள் தினமும் காலை ஏழரைக்கு அதில் படுக்க வேண்டும். மிஷின் அவர் வரிகளை எண்ணி, அவர் வயதால் வகுத்து, வருடத்துக்கு எத்தனை வரி என்று தெரிந்துகொள்ளும். அன்று வருகிற அத்தனை பேருக்கும் அதுதான் அளவு.

அந்த ஆள் திரவியம். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற அட்டெண்டர். பிள்ளைகள் அவரை 'அளவு அண்ணாச்சி' என்று கூப்பிடுவார்கள். சான்றிதழ்ப்படி ஐம்பத்தேழு வயது.

அவருடைய உண்மை வயது அதைவிடக் கூடுதல் என்றால், மிஷின் வருடத்துக்கு வரி அதிகம் என்று எடுத்துக்கொண்டு மற்ற எல்லாருக்கும் வயதைக் குறைத்துவிடும். ஆவுடை உள்ளங்கையிலேயே பேனாவால் கணக்குப் போட்டாள். அறுபதில் இருபதில் ஒரு பங்கைக் குறைத்தால் ஐம்பத்தேழு.

மத்தியானம் திரவியம் ஸ்ட்ரெச்சர் கொட்டகையில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தார். "வா பிள்ள, சாப்பிட்டியா? தாமரை இன்னைக்குப் புளிக்குழம்பு வச்சிருக்கா," என்றார். தாமரை அவர் மனைவி. சிறுநீரகம் இரண்டும் கெட்டு, வாரத்துக்கு இரண்டு நாள் இதே மருத்துவமனையில் டயாலிசிஸ் மிஷினில் படுப்பவள். ஊழியர் குடும்பம் என்பதால் இடம் தட்டாமல் கிடைத்தது.

"அண்ணாச்சி, உங்களுக்கு என்ன வயசு?"

"தெனமும் நீங்கதானடே எழுதுதிய. அம்பத்தேழு."

"எழுதுதது இல்ல. உள்ளது."

அவர் கை சோற்றிலேயே நின்றது. ஆவுடை தன் தாளைக் காட்டினாள். இருபத்தொரு பேரைச் சொன்னாள். தன் பொய்யையும் சொன்னாள். "எனக்கும் ஒரு வருசம் பொய்தான் அண்ணாச்சி. எங்க அம்மாட்ட இப்பத்தான் கேட்டேன்."

"நீ படம் எடுக்கப் படிக்க வந்தியா, ஆளைப் பிடிக்கப் படிக்க வந்தியா?" அவர் குரல் உயர்ந்தது. "அறுபதுல வீட்டுக்கு அனுப்பிருவாவ. வீட்டுக்கு அனுப்பினா ஆறு மாசம்தான் ஊழியர் குடும்பம். அதுக்கப்புறம் தாமரை எங்க படுப்பா? உன் பதிவேட்டுலயா படுப்பா?"

ஆவுடை தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். கேள்வி கேட்கும்போது தாமரையை அவள் நினைக்கவே இல்லை. ஒரு புதிரை அவிழ்க்கிற சந்தோஷத்திலேயே படியிறங்கி வந்துவிட்டாள். அதை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"காலையில ஒரு பொண்ணு வந்தா அண்ணாச்சி," என்று இசக்கியைப் பற்றிச் சொன்னாள். மறுநாள் பதினொரு மணிக்கு ரிப்போர்ட் போகிறது என்பதையும் சொன்னாள். "உங்களை நான் சொல்லச் சொல்லல. தெரிஞ்சுபோச்சு, தெரியாத மாதிரி இருக்க எனக்கு முடியல. அவ்வளவுதான்."

அவர் சோற்றை மூடி வைத்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, "கபடி," என்றார்.

"என்ன அண்ணாச்சி?"

"பதினாறு வயசு எனக்கு. பதினாலுக்குக் கீழ உள்ள டீமுக்கு ஆள் பத்தல. பி.டி. வாத்தியார் என் சர்டிபிகேட்டை வாங்கிட்டுப் போனாரு, வரும்போது எனக்குப் பதிமூணு. கூட நின்னது எல்லாம் பொடிப்பயலுவ. ஏழு பேரைத் தனியாளாத் தூக்கினேன். கோப்பையும் வந்துச்சு, வாத்தியாருக்கு மாலையும் விழுந்துச்சு. அந்த மூணு வருசத்தைத் திருப்பி வாங்கணும்னு எனக்கும் தோணல, அவருக்கும் தோணல." கொஞ்சம் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "என் மூணு வருசம் என்னோடதானே போகும்னு நெனச்சேன். அது ஊராம் பிள்ளை காதுலயெல்லாம் ஏறும்னு எனக்குத் தெரியாது பிள்ள. சத்தியமாத் தெரியாது."

மறுநாள் காலை ஆவுடை துறைக்கு வந்தபோது பேராசிரியர் அறையில் திரவியம் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லியும் அவர் உட்காரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருந்தார் என்று இருவர் முகத்திலும் தெரிந்தது.

"நாலு வருசம்," என்றார் பேராசிரியர் மெல்ல. "பதினோராயிரம் ரிப்போர்ட்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அவர் நினைத்திருந்தால் ஒரு வார்த்தையில் அதை அப்படியே மூடிவிட்டிருக்கலாம். மூன்று பேருக்குத்தான் தெரியும். ஆனால் அசைந்த படத்தைப் பொறுக்காத ஆளால் இதை எப்படிப் பொறுக்க முடியும்? "ஆவுடை, மிஷினைப் போடு. அண்ணாச்சிக்கு அறுபதுன்னு போடு."

திரவியத்தின் எலும்பில் நூற்றிருபது வரி. வருடத்துக்குச் சரியாக இரண்டு. அந்த அளவை வைத்து இருபத்தொரு பிள்ளைகளின் படங்களையும் ஓட்டிப் பார்த்தார்கள். அத்தனையும் சான்றிதழோடு மாதம் பிசகாமல் ஒத்து வந்தன. ஆவுடைக்கு மட்டும் ஒன்று கூடியது. பேராசிரியர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "காரணம் கெடைச்சிருச்சு மேம்," என்றாள்.

கடைசியாக இசக்கியின் படம். பதினெட்டு வருடம், ஆறு மாதம். சூளைச் சுவரில் கரிக்கோடு போட்டவள் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. பேராசிரியரே காரை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். சாயங்காலம் பெண் போலீஸ் போன் பண்ணினார். "மாமா கூடப் போறியான்னு கேட்டாவ. அந்தப் பிள்ளை, 'பேக்கரிக்கு நேரமாச்சு'ன்னுட்டு நடந்து போயிட்டு."

நல்லதோடு மற்றதும் வந்தது. பதினோராயிரம் பேருக்கும் கடிதம் போக வேண்டும். அதில் சிலருக்குக் கதவு திறக்கும், மைனர் என்று சலுகை பெற்ற சிலருக்கு மூடும். உறை ஒட்டுகிற வேலை மூன்றாமாண்டுப் பிள்ளைகள் தலையில் விழுந்தது. திரவியத்துக்கும் ஒரு கடிதம் வந்தது. வயதைத் திருத்திய சான்றிதழைக் கொடுத்து வேலையில் சேர்ந்ததற்காக உடனடியாக விடுவிக்கப்படுகிறார், ஆறு மாதச் சலுகையும் கிடையாது. அவர் ஸ்ட்ரெச்சர் ஒன்றைச் சுவரோரம் ஒழுங்காக நிறுத்திவிட்டுப் போனார். ஆவுடை அன்று சாப்பிடவில்லை. ரஹ்மத்நிஷா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

அளவுக்கு ஆள் இல்லாமல் மிஷின் நின்றுபோனது. வாசலில் வரிசை நீண்டது. நிர்வாகம் ஐம்பது தாண்டிய ஊழியர்கள் நாற்பத்தொரு பேருக்கும் ஒரு படிவம் அனுப்பியது. 'என் சான்றிதழில் உள்ள வயதே என் உண்மையான வயது. பொய்யானால் வேலையை இழக்கச் சம்மதிக்கிறேன்.' கீழே கையெழுத்து. கேட்டது அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் இரண்டு படிவங்கள் வந்தன. ஒருவர் மும்பையில் வளர்ந்தவர், அவர் வரி இந்த ஊருக்கு ஆகாது. இன்னொருவருக்குச் சின்ன வயதில் காதில் ஆபரேஷன் ஆகி, எண்ண வேண்டிய எலும்பில் பாதி இல்லை. மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் திடீரென்று வேலை கூடிவிட்டது. ஒருவர் பேனா இல்லை என்றார். ஒருவர் லீவில் போய்விட்டார். பெரிய சர்ஜன் ஒருவர் படிவத்தைப் பார்த்ததாகவே ஒத்துக்கொள்ளவில்லை. முப்பது பேர் சான்றிதழ்ப்படி ஜூன் மாதம் முதல் வாரத்தில் பிறந்திருந்தார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற வாரம்.

பேராசிரியரின் மேசையைத் துடைக்கும்போது ஆவுடை இன்னொரு படிவத்தைப் பார்த்தாள். பேராசிரியரின் பெயர் எழுதியிருந்தது. கையெழுத்து இல்லை.

"பார்த்துட்டியா?" என்றார் பேராசிரியர் பின்னாலிருந்து. "சரி, வா. கார்ல ஏறு."

திரவியத்தின் வாடகை வீட்டில் தாமரை கட்டிலில் சாய்ந்திருந்தாள், டயாலிசிஸ் நாள் தவறிப்போய்க் கால் வீங்கியிருந்தது. வந்தவர்களுக்கு அவரே காபி போட்டுக் கொடுத்தார்.

"நான் மோசடி பண்ணுனவன்லா மேம்? கடிதாசியில அப்படித்தான் போட்டிருந்தாவ."

"ஆமா. ஆனா இந்த ஆஸ்பத்திரியில உள்ள வயசைச் சொன்ன ஆளு நீங்க ஒருத்தருதான் அண்ணாச்சி. அதுக்கு இருபத்தொரு பிள்ளைங்க காது சாட்சி. உங்களை விட்டா எனக்கு வேற அளவு இல்ல."

திரவியம் கட்டிலைப் பார்த்தார். "என் காது வேணும்னா, அவ வாரத்துக்கு ரெண்டு நாள் அங்க படுக்கணும். நான் இருக்க வரைக்கும். நான் போனாலும், அவ இருக்க வரைக்கும். எழுதித் தாங்க."

பேராசிரியர் கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். நிர்வாகத்தோடு மூன்று நாள் சண்டை போட்டு, அதையே எழுதி முத்திரையும் வாங்கி வைத்திருந்தார். திரவியம் இரண்டு முறை வாசித்தார். தாமரை கையை நீட்டி அதை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கட்டா மேம்?" என்றார் திரவியம். "நீங்களும் கையெழுத்துப் போடலையாமே?"

"என்னைப் பள்ளிக்கூடத்துல சேத்தது எங்க அப்பா. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஹெட்மாஸ்டரும் அவருதான்."

"எத்தனை குறைச்சாரு?"

"குறைச்சாரா, கூட்டினாரா, ஒண்ணுமே பண்ணலையான்னு எனக்கே தெரியாது. நாலு வருசமா அந்த மிஷின் என் கையில இருக்கு. ஒரு நாளும் நான் அதுல படுத்ததில்ல."

மறுநாள் ஏழரைக்குத் திரவியம் படுத்து எழுந்தார். மிஷின் அளவை எடுத்துக்கொண்டது. வாசலில் கூட்டம் பேசிக்கொண்டிருந்தது, கதவு திறக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பேராசிரியர் காதில் கிடந்த தோட்டைக் கழற்றி ஆவுடையிடம் கொடுத்துவிட்டு, மேசைமேல் ஏறிப் படுத்தார்.

"பசையைத் தடவு," என்றார்.

ஆவுடை தடவினாள். ஐந்து நிமிடம் ஆயிற்று. திரையில் எண் வந்தது. அவள் அதைப் பார்த்தாள், பேராசிரியரைப் பார்த்தாள்.

"வந்துட்டு மேம். சொல்லட்டா?"

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டே படுத்திருந்தார். "கொஞ்சம் இரு," என்றார்.